நனைந்த சரக்கு

கோத்தகிரி டானிங்டன் இறக்கத்தில்
எங்கள் கடையின் மூன்றாவது அலமாரிக்கு
நான்தான் பொறுப்பு.
இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் ரோஜா நிறம்.
நடுவில் ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லி
கம்பெனிக்காரர் படம் போட்டே கொடுத்திருக்கிறார்,
பஸ்ஸில் பெண்கள் சீட்டை ஒதுக்குகிற மாதிரி.

கறுப்புப் பெட்டிகள் கத்தும்:
தாக்கு. வெல். எழுபத்திரண்டு மணி நேரம் அசராதே.
ஒன்றின் பெயர் சிகரம், இன்னொன்று பனிப்பாறை.
எழுதினவன் மலைக்கு வந்திருக்க மாட்டான்.
இங்கே குடியிருக்கிறவள் சொல்கிறேன்,
மலையின் வாசம் என்பது
ஃபேக்டரியில் புளிக்கிற தேயிலை,
தைலம் காய்ச்சும் அடுப்பின் புகை,
மூன்று நாளாய்க் காயாத கம்பளி,
மேட்டுப்பாளையம் வண்டியில் யாரோ எடுத்த வாந்தி.

ரோஜாப் பெட்டிகள் கத்துவதில்லை,
காதோரம் வந்து பேசும்.
மிருது. இதம். பட்டு.
பூவே, உங்களவர் கவனிப்பார்.
மொத்தப் பெட்டியிலும் வினைச்சொல் ஒன்றுதான்,
அதுவும் அவருடையது.

கட்டபெட்டிலிருந்து வரும் சவரியம்மா
அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.
கொழுந்து பறித்த கறை
விரல் ரேகைக்குள் ஏறிப்போயிருக்கும்.
"இதுல கையப் பத்தி எதாச்சும் போட்டிருக்கா பாப்பா?"
தேடினேன்.
முகம் இருந்தது, கழுத்து, தோள் இருந்தது.
படத்திலிருந்த கை
வளையலோடு முடிந்துபோயிருந்தது.

யாரிடமும் சொல்லாதது ஒன்று:
சவரத்துக்கு நான் எடுப்பது கறுப்புப் பெட்டி.
அதே பிளேடு, முப்பத்தெட்டு ரூபாய் குறைவு.
ரோஜாவில் 'மென்மையாக' என்று
ஒரு சொல் கூட இருக்கிறது, அவ்வளவுதான்.
"வீட்ல ஆம்பிளைக்கா?" என்பார் முதலாளி, பில் போடும்போது.
ஆமாம் என்பேன்.
வீட்டில் நானும் அம்மாவும்.

பெள்ளி அண்ணன் கடை சாத்துகிற நேரத்தில்தான் வருவார்.
ஃபேக்டரி கொதிகலனுக்கு விறகு தள்ளுகிறவர்,
புறங்கை முழுக்க வெடிப்பு,
ரத்தம் காய்ந்த கோடுகள்.
கறுப்புப் பக்கம் நின்றுகொண்டு
தீப்பெட்டி கேட்பார், டார்ச்சுக்கு பேட்டரி கேட்பார்,
கரடி வந்த கதை சொல்வார்.
கடைசியில் சுவரைப் பார்த்து,
"அந்த ரோஸ் கிரீம் ஒண்ணு. வீட்டுல கேட்டா."
அக்கா போய் இரண்டு வருஷம்.
சாவுக்கு நானும் போயிருந்தேன்.
செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பேன்,
நாப்கின் சுற்றுகிற அதே தாளில்.

ஐப்பசி மழையில் தகரம் விட்டுப்போய்
மூன்றாவது அலமாரி ராத்திரி முழுக்க நனைந்தது.
காலையில் அட்டையெல்லாம் கூழ்.
தாக்கு மேல் பூவே ஒட்டிக்கொண்டு,
கறுப்புச் சாயம் ரோஜாவுக்குள் இறங்கி,
உறை உரிந்த சோப்புகள் அம்மணமாய்.
கரி சோப்பு நாலைத் தவிர எல்லாம் வெள்ளை.
மோந்து பார்த்துப் பிரிக்கச் சொன்னார் முதலாளி.
மோந்தேன்.
தும்மல்தான் வந்தது.

பிளாஸ்டிக் தட்டில் எல்லாவற்றையும் கொட்டி
அட்டைத் துண்டில் எழுதி வைத்தேன்:
நனைந்த சரக்கு. பத்து ரூபாய். அழுக்குப் போகும்.

சவரியம்மா ஆறு எடுத்தாள்.
காலேஜ் பையன் ஒருவன் கரி சோப்பைத் தேடி
மூன்றை எடுத்துக்கொண்டு ஓடினான்.
பெள்ளி அண்ணன் அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டார்,
வெளிச்சத்தில்.
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டி
"இது ஆம்பிளைதா, பொம்பளைதா?" என்றார்.
"சோப்புண்ணே."
சிரித்தார். இரண்டு எடுத்தார்.
யாருக்கு என்று சொல்லவில்லை.
தாளில் சுற்றட்டுமா என்றேன்,
வேண்டாம் என்று ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு
தூறலில் இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரர் வந்து
ஒரு சாண் அளந்து வைத்துவிட்டுப் போனார்.

கிரீமுக்கு மட்டும்
இன்னும் இருட்ட வேண்டியிருக்கிறது.